காற்று தீரும் முன்பே ஆள் விழுந்துவிடுவார்

விண்வெளிப் போர்களிலும் வேற்றுக்கிரகப் பேரரசுகளிலும் உலவிய அறிவியல் புனைகதை இப்போது ஒரு சின்ன அறைக்குள் வந்துவிட்டது. ஒரே ஆள், காற்று இவ்வளவு, உணவு இவ்வளவு, உதவி வர இத்தனை நாள். எனக்கு ரொம்பப் பிடித்த வகை. அதனாலேயே சில தவறுகள் உறுத்துகின்றன.

முதலாவது, ஆபத்தையே தப்பாகப் பிடிப்பது. மூடிய கலத்தில் சிக்கியவர் "ஆக்சிஜன் தீரப்போகிறது" என்று பதறுவார். ஆனால் அவரை முதலில் சாய்ப்பது அவரே வெளிவிடும் கரியமில வாயுதான். 10 கன மீட்டர் அறையில் ஒருவர் சும்மா இருந்தாலே ஒரு நாளில் அது 5 சதவீதத்தை நெருங்கிவிடும். தலை வலிக்கும், மூச்சு வாங்கும், புத்தி மங்கும். அப்போதும் ஆக்சிஜன் 15 சதவீதம் போல மிச்சமிருக்கும். மங்கிய புத்தியோடு ஒருவர் உயிருக்கான கணக்கைப் போடுகிறார் என்றால், அந்தக் காட்சிக்கு வில்லனே தேவையில்லை.

1970இல் நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்பல்லோ 13 விண்கலத்தில் நடந்ததும் இதுதான். நிலவில் இறங்க வைத்திருந்த, 2 பேருக்கான நிலவுக்கலத்தில் 3 பேர் தங்க வேண்டியதாயிற்று. கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் உபரியாக இருந்தன; ஆனால் அவை சதுரம், நிலவுக்கலத்தின் துளையோ வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா இவற்றை வைத்து ஒரு இணைப்பை உருவாக்கினார்கள். அதை யோசித்துச் செய்து பார்த்தவர்கள் தரையில் இருந்த பொறியாளர்கள். மேலே இருந்தவர்கள் ரேடியோவில் கேட்டுக் கேட்டு ஒட்டினார்கள். எல்லாவற்றையும் நாயகன் தலையிலேயே கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், செவ்வாய்ப் புயல். அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் 1 சதவீதம்கூட இல்லை. 100 கி.மீ. வேகத்தில் வீசினாலும் உடம்பில் மெல்லிய காற்றாகத்தான் படும், ராக்கெட்டைச் சாய்க்காது. 'தி மார்ஷியன்' நாவலே அப்படியொரு புயலில்தான் தொடங்குகிறது. அது சரியல்ல என்று அதை எழுதிய ஆண்டி வியரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்ற இடங்களில் கணக்கு நேர்மையாக இருப்பதால் வாசகர் அந்த ஒன்றை மன்னிக்கிறார். ஒன்றைத்தான்.

வெற்றிடத்தில் உடம்பு வெடித்துச் சிதறாது. 1966இல் நாசா சோதனை அறையில் ஒருவரின் விண்வெளி உடைக் குழாய் கழன்றது. ஏறத்தாழ 14 வினாடியில் மயங்கினார், பிழைத்தும் விட்டார். நாக்கில் எச்சில் கொதித்ததுதான் கடைசியாக அவர் உணர்ந்தது. கற்பனையில் இது வருமா?

இன்னொன்று, செவ்வாயிலிருந்து பூமியோடு தொலைபேசி மாதிரிப் பேசிக்கொள்வது. ஒளிக்கே ஒருவழிப் பயணம் சுமார் 3 முதல் 22 நிமிடம். இதை இடைஞ்சலாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்: கசிவு இடது பக்கமா வலது பக்கமா என்று செவ்வாயில் இருக்கும் நாயகி பூமியைக் கேட்கிறாள். பதிலுக்குக் காத்திருக்க முடியாமல் தானே ஒரு வால்வை மூடுகிறாள். 40 நிமிடம் கழித்துத் திரையில் எழுத்து வருகிறது: "எதையும் தொடாதே."