குழுவை ஆரம்பித்த அண்ணனே வம்பாகப் பேசினால் என்ன செய்வது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்) குழு என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் ஒரே ஆளைச் சுற்றித்தான் இருக்கும். அவர் கல்லூரியில் பாடம் எடுக்கிற சாராக இருக்கலாம், அல்லது சென்னையில் வேலை பார்த்து அலுத்துப்போய் ஊருக்கு வந்து, பாதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் ஒரு மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் அண்ணனாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு இடம் பிடிப்பதும் அவர்தான், டீக்குக் காசு கொடுப்பதும் அவர்தான். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ராத்திரி டெலிகிராம் குழுவில், பெண்கள் கோடு (நிரல்) எழுதுவதைப் பற்றியோ ஒரு சாதியைப் பற்றியோ எதையோ போட்டுவிடுகிறார். காலையில் பார்த்தால் பாதிப் பேர் கருத்துச் சுதந்திரம் என்கிறார்கள், மீதிப் பேர் ஆளைத் தூக்கு என்கிறார்கள்.

முதலில் சட்டத்தைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது, ஆனால் அது அரசாங்கத்திடமிருந்து உங்களைக் காப்பாற்றுவதற்கு. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் அந்த உரிமையை வைத்துத்தான். ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு குழு, ஒருவரை அட்மின் பொறுப்பிலிருந்து இறக்கினால் அவர் பேச்சுரிமை ஒன்றும் பறிபோகாது, தன் சொந்தப் பக்கத்தில் அவர் எழுதிக்கொண்டே இருக்கலாம். சரி, அதற்காகப் பிடிக்காத கருத்து சொன்னவரை எல்லாம் இறக்க ஆரம்பித்தால் கடைசியில் தலையாட்டுகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள். எனவே அவர் என்ன பேசினார் என்பதற்கு முன்னால் அவர் கையில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு தாளில் எழுதுங்கள். கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம்) உங்கள் குழுவின் ஆர்கனைசேஷனில் ஓனர் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒருவர்தான் என்றால் அதுவே ஆபத்து, கிட்ஹப்பே குறைந்தது இரண்டு பேரை வைக்கச் சொல்கிறது. டொமைன் யார் பெயரில், யாருடைய ஜிமெயிலில் பதிவாகியிருக்கிறது? டெலிகிராம் குழுவை உருவாக்கியவர் யார்? (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுச் சில நாள் ஆகியிருந்தால்தான் டெலிகிராம் உரிமையை மாற்ற விடும், அதனால் சண்டை நாளில் போய்க் கேட்டுப் பிரயோஜனமில்லை.) பணம் இருந்தால், எந்தக் கணக்கில் இருக்கிறது? இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிடி. தெரியாத பிடி இன்னும் இறுக்கமானது: இன்டர்னல் மார்க், சிபாரிசுக் கடிதம், "என் கம்பெனியில் ஒரு பையன் வேணும்" என்கிற ஒரு வார்த்தை. சாதாரண உறுப்பினர் ஒருவர் கோணலாகப் பேசினால் எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவி பதில் சொல்லிவிடலாம். மார்க் போடுகிறவர் அதையே பேசினால் அவள் வாயே திறக்க மாட்டாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கும் வர மாட்டாள், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தயாரிக்கும் மொஸில்லாவில் நடந்ததை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக், ஒரே பாலினத் திருமணத்துக்கு எதிரான கலிஃபோர்னியா பிரச்சாரத்துக்கு 2008-ல் 1,000 டாலர் கொடுத்திருந்தார். இது 2012-லேயே வெளியே தெரிந்துவிட்டது, சலசலப்பும் வந்தது, ஆனாலும் தொழில்நுட்பத் தலைவராக அவர் தொடர்ந்தார். 2014 மார்ச்சில் தலைமைச் செயல் அதிகாரி ஆக்கியதும் புயல் கிளம்பி இரண்டு வாரத்துக்குள் ராஜினாமா செய்துவிட்டார். நன்கொடை அதேதான், நாற்காலிதான் மாறியது. அது முடிந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, யாரும் உட்கார்ந்து விசாரித்து எடுத்த முடிவாக அது தெரியவில்லை. இருந்தாலும் நாற்காலி பெரிதானால் கேள்வியும் பெரிதாகத்தான் வரும்.

அடுத்தது, மூலத்தைப் படியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டி ஒட்டிய ஒரு வரியை வைத்து எதையும் தொடங்காதீர்கள். முன்னால் பத்து மெசேஜ், பின்னால் பத்து மெசேஜ், தேதி நேரத்தோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவர் அழிப்பதற்குள். 2019-ல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், பாலியல் குற்றவாளி எப்ஸ்டைன் விவகாரம் பற்றி எம்.ஐ.டி.யில் எழுதிய மின்னஞ்சல், பல செய்திகளில் திரிந்து வந்தது. எப்ஸ்டைனால் பாதிக்கப்பட்ட ஒரு பெண் விருப்பத்தோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்று அவர் எழுதியது, அவள் விருப்பத்தோடுதான் இருந்தாள் என்று அவர் சொன்னதாக அச்சானது. அந்தத் திரிப்பால் அவர் ஆதரவாளர்களுக்குக் கடைசி வரை ஒரு பிடி கிடைத்துவிட்டது. ஆனால் சரியான வாசகமும் பலருக்கு ஜீரணமாகவில்லை, பெண்களிடம் அவர் நடந்துகொள்ளும் விதம் பற்றிய பழைய புகார்களும் அப்போது சேர்ந்து வெளியே வந்தன. சரியாக மேற்கோள் காட்டினால் உங்கள் வழக்கு ஒன்றும் பலவீனமாகிவிடாது.

புகாரை யார் கேட்பது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. அண்ணனைப் பற்றிய புகார் அண்ணனிடமே போகும். ரஸ்ட் என்கிற நிரல் மொழியின் குழுவிலேயே இது நடந்தது: 2021 நவம்பரில் மாடரேட்டர் குழு (நடத்தை விதிகளைப் பார்த்துக்கொள்பவர்கள்) மொத்தமாக ராஜினாமா செய்தது, மையக் குழு தன்னைத் தவிர யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் இருக்கிறது, அவர்கள்மேல் நடத்தை விதிகளைச் செலுத்த முடியவில்லை என்று காரணமும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம்தான் அங்கே நிர்வாக அமைப்பையே மாற்றினார்கள். நீங்கள் மூன்று பேரை வையுங்கள். ஒருவராவது வேறு கல்லூரி, வேறு ஊர், மதுரையோ திருச்சியோ, அண்ணனிடம் எந்தக் கடனும் படாத ஆளாக இருக்க வேண்டும். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், பெயருக்கு அல்ல.

பொதுவில் எதையும் போடுவதற்கு முன் அவரிடம் நேராகக் கேளுங்கள். பெரியவரை எப்படிக் கேட்பது என்ற தயக்கம் நம் பக்கம் அதிகம், ஆளுக்கு ஆள் முதுகுக்குப் பின்னால் பேசுவோமே தவிர முகத்துக்கு முன்னால் சொல்ல மாட்டோம். மரியாதையாகவே கேட்கலாம், இப்படி: "அண்ணே, சனிக்கிழமை ராத்திரி நீங்க குழுவில் போட்டது பற்றி இரண்டு பேர் எழுத்தில் கொடுத்திருக்காங்க, அந்த மெசேஜை அப்படியே கீழே வச்சிருக்கேன். நாங்க மூணு பேர் இதைப் பார்க்கிறோம். உங்க தரப்பை வியாழக்கிழமைக்குள் எழுதுங்க. அதுவரைக்கும் யாரையும் குழுவிலிருந்து நீக்காதீங்க, எதையும் அழிக்காதீங்க." புகார் கொடுத்தவர்கள் பெயர் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். "யார் சொன்னா?" என்றுதான் முதல் பதில் வரும், அதற்கு மசியாதீர்கள்.

முடிவு என்றால் ஒன்று சும்மா விடுவது, இல்லை துரத்துவது என்று இரண்டே இரண்டு என நினைக்க வேண்டாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் தன் வசவு மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டு விலகி நின்றார், லினக்ஸின் 4.19 கெர்னலை (அதன் மையப் பகுதி) அவர் சகா கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார், லினஸ் அப்புறம் திரும்பி வந்தார். பைத்தான் நிரல் மொழியின் குழு 2024 ஆகஸ்டில் தன் மூத்த மைய உறுப்பினர் ஒருவரை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. குற்றச்சாட்டுகள் தெளிவாக இல்லை என்று அதன்மேல் நிறைய விமர்சனம் வந்தது, அதுவும் ஒரு பாடம்தான்: எந்த மெசேஜ், எந்த விதி, எத்தனை நாள் என்று மூன்றையும் எழுதுங்கள்.

வாக்கெடுப்பு வைத்தால் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். சாருக்கு முன்னால் கை தூக்கிய மாணவன் அடுத்த செமஸ்டரில் அவரிடமே லேப் எடுக்க வேண்டும். 2019-ல் விலகிய ஸ்டால்மன் 2021-ல் எஃப்.எஸ்.எஃப். (கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை) வாரியத்துக்குத் திரும்பியபோது, லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் குழுவில் இது பற்றி வாக்கெடுப்பு நடந்தது, அறிக்கை எதுவும் வெளியிடுவதில்லை என்பதுதான் ஜெயித்தது. ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்பது பொதுவில் வருகிற முறை அப்போது இருந்ததால் வம்புக்குப் பயந்தவர்கள் பலர். 2022-ல் அதற்கென்றே இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, வாக்காளர் பெயரை மறைத்துவிட்டார்கள். உங்களுக்கு ஒரு அட்டைப்பெட்டியும் துண்டுச் சீட்டும் போதும்.

இவ்வளவும் நாளைக்கே வரக்கூடிய சண்டைக்கு. சண்டை இல்லாத நாளில் செய்ய வேண்டியது பொறுப்புக்குக் கால வரம்பு வைப்பது. டெபியன் தன் தலைவரை வருடா வருடம் தேர்ந்தெடுக்கிறது, இடையிலேயே வாக்களித்துத் திரும்ப அழைக்கவும் அவர்கள் சாசனத்தில் வழி உண்டு. நமக்கு இது புதிதா என்ன? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் (தொழில் செய்ய) போன செட்டியார் ஏஜெண்டுகள், மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் அடுத்து வருபவரிடம் ஐந்தொகையை (இருப்புக் கணக்கை) காட்டி ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். ஆள் மேல் சந்தேகம் வந்ததால் அல்ல, அதுதான் முறை என்பதால். அண்ணனையும் சங்கடமில்லாமல் இறக்க அப்படி ஒரு தேதிதான் உதவும், அது எழுதப்பட்டது அவரை மனதில் வைத்து அல்ல என்று அவருக்கே தெரியும். சங்கமாகப் பதிவு செய்திருந்தால் (1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்) இதை பைலாவிலேயே போட்டுவிடுங்கள்.

சில விஷயங்கள் குழுவில் பேசித் தீர்க்கிறவை அல்ல. பள்ளிப் பிள்ளைகள் வருகிற கூட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் பாலியல் ரீதியாக யாராவது நடந்துகொண்டது தெரிந்தால் போக்சோ சட்டப்படி போலீஸில் சொல்லியே ஆக வேண்டும், மூன்று பேர் உட்கார்ந்து விசாரிக்கிற வேலையே இல்லை. கல்லூரிக்குள் பாலியல் தொல்லை என்றால் அங்கே உள் புகார்க் குழு இருக்கிறது. அதேபோல் கோபத்தில் அவர் பெயரைப் போட்டு ஊரெல்லாம் எழுதாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு, சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டியிருக்கும்.

எதுவும் நடக்கவில்லை, சாவியை அவர் விடுவதாக இல்லை என்றால் பிரிந்து போகலாம், கட்டற்ற உரிமம் அதற்கு இடம் தருகிறது. கோடு உங்களோடு வரும், பெயரும் டொமைனும் வராது. போகும்போது கமிட் வரலாற்றை (யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு) முழுசாக எடுத்துப் போங்கள், உரிமத்தை மாற்றாதீர்கள். 2014 டிசம்பரில் நோட்.ஜேஎஸ் என்கிற மென்பொருளிலிருந்து பிரிந்த ஐஓ.ஜேஎஸ், புதிய அறக்கட்டளை ஒன்றின் கீழ் 2015-லேயே திரும்பச் சேர்ந்துவிட்டது, அப்படி ஒரு நாள் உங்களுக்கு வந்தாலும் இரண்டு ரெப்போவையும் (கோடு இருக்கும் கிடங்கு) இணைக்கிற வேலை மட்டும்தான் மிச்சமிருக்க வேண்டும்.