விண்டோஸ் 11-க்கு மாறியதும் மெயில் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்தால்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியதும் ஏராளமானோர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய கையோடு பலருக்கும் வரும் தொல்லை இது: அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மெயில் மென்பொருளைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது, சரியாக அடித்தாலும் அதே பெட்டி மறுபடி வந்து நிற்கிறது. உடனே பாஸ்வேர்டை மாற்றிவிடத் தோன்றும். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள். பாஸ்வேர்டு அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். கெட்டது, கணினி அதைச் சேமித்து வைத்த இடம். இல்லையென்றால் சர்வரிடம் அதைக் காட்டும் முறை. ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினால் முன்பு உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகள் (ஒரு மென்பொருளுக்கென்று கூகுள் தனியாகத் தரும் பாஸ்வேர்டுகள்) எல்லாம் ரத்தாகும், போனிலும் மறுபடி லாகின் கேட்கும். இருந்த ஒரு சிக்கல் மூன்றாகிவிடும்.

முதலில் பிரவுசரில் சோதியுங்கள்

குரோம் அல்லது எட்ஜில் பிரைவேட் விண்டோ திறந்து, மெயில் தளத்துக்குப் போய், பாஸ்வேர்டைக் கையால் அடித்து உள்ளே நுழையுங்கள். சாதாரண விண்டோவில் பழைய லாகின் உயிரோடு இருக்கும். அதனால் அந்தச் சோதனை செல்லாது. உள்ளே போக முடிந்தால் பாஸ்வேர்டு சரி, கோளாறு மெயில் மென்பொருளில். போக முடியவில்லை என்றாலும் ரீசெட் பண்ணுமுன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, கீபோர்டு. தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையைப் போட்டிருப்பவர்களுக்கு, மேம்படுத்திய பிறகு தட்டச்சு மொழி தமிழிலேயே நின்றிருக்கலாம். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளிதான் தெரியும் என்பதால் தமிழ் எழுத்து விழுவது கண்ணில் படாது. நோட்பேடைத் திறந்து பாஸ்வேர்டை அங்கே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். மொழி மாற்ற, விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும். யுகே (பிரிட்டிஷ்) கீபோர்டு லேஅவுட் வந்து உட்கார்ந்திருந்தால் 2-ஆம் எண்ணில் ஷிஃப்ட்டோடு வரவேண்டிய 'அட்' குறிக்குப் பதில் மேற்கோள் குறி வரும்.

இரண்டு, பின் நம்பர். கணினியைத் திறக்க நீங்கள் போடும் பின் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. மெயில் கேட்கும் இடத்தில் அதைப் போட்டால் எந்தக் காலத்திலும் ஏற்காது. பின்னிலேயே பழகியதால் மைக்ரோசாஃப்ட் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு மறந்துபோவது சகஜம். அப்படி மறந்திருந்தால்தான் ரீசெட் தேவை.

ஜிமெயில், ஆனால் அவுட்லுக் பழையது

தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு, வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து வேறு மென்பொருள் வழியாக நுழையும் வசதியை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் அதே கதவை 2024 செப்டம்பர் 16-இல் சாத்தியது. இப்போது பிரவுசர் மாதிரி ஒரு ஜன்னலில் லாகின் செய்து அனுமதி கொடுக்கும் ஓஆத்2 முறைதான் வழி. அவுட்லுக் 2010, 2013 போன்ற பழைய பதிப்புகளுக்கு ஜிமெயிலின் அந்த ஜன்னலைத் திறக்கத் தெரியாது. அதனால் எத்தனை முறை அடித்தாலும் பெட்டி திரும்ப வரும்.

ஜிமெயிலுக்கு மாற்று வழி உண்டு. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் முதலில் இரண்டு-படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அது இல்லாமல் அடுத்த வசதி கண்ணிலேயே படாது. பிறகு அங்குள்ள தேடல் பெட்டியில் ஆப் பாஸ்வேர்டு என்று தேடி ஒன்றை உருவாக்குங்கள். 16 எழுத்துகள், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். இடைவெளி இல்லாமல் அவுட்லுக்கில் போடுங்கள். ஒருமுறைதான் காட்டும், ஆகவே ஜன்னலை மூடுமுன் போட்டுவிடுங்கள். கணக்கு அமைப்பில் சர்வர் விவரம் கேட்டால், மெயிலைப் பெறும் ஐமேப் முறைக்கு போர்ட் எண் 993, பாதுகாப்பு வகை எஸ்எஸ்எல். அனுப்புவதற்கு 465 எஸ்எஸ்எல் அல்லது 587 ஸ்டார்ட்டிஎல்எஸ். ஹாட்மெயிலுக்கு இந்தக் குறுக்கு வழி உதவாது, மென்பொருளையே புதுப்பிக்க வேண்டும்.

தண்டர்பேர்டு

அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் போய் ஆதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் ஓஆத்2 தேர்ந்தெடுங்கள். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், பிறகு மெயில் வருகிறது, போகவில்லை. அவுட்கோயிங் சர்வர் தனிப் பக்கம். அங்கேயும் ஓஆத்2 போட வேண்டும். அடுத்து பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் குக்கிகளை ஏற்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கூகுள் ஜன்னல் திறந்தும் வேலை முடியாது. அதே பக்கத்தில் சேவ்டு பாஸ்வேர்ட்ஸில் உள்ள அந்தக் கணக்கின் பழைய வரிகளை நீக்கிவிட்டு தண்டர்பேர்டை மூடித் திறங்கள்.

ஃபார்மட் பண்ணாமல் அதே டிரைவில் விண்டோஸைப் புதிதாகப் போட்டவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங் என்று போனால் தண்டர்பேர்டு ஃபோல்டர் கிடைக்கும். பாஸ்வேர்டுகளும் அவற்றைத் திறக்கும் சாவியும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதால், தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை முழுதாகப் புதிய ரோமிங்கில் ஒட்டினால் மெயில், கணக்கு, பாஸ்வேர்டு எல்லாம் திரும்பிவிடும். தண்டர்பேர்டு பதிப்பு பழையதற்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். விண்டோஸ்.ஓல்டை கணினி சுமார் 10 நாளில் தானாகவே அழித்துவிடும். ஆகவே வேறெதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

அவுட்லுக் ஏற்றுக்கொண்டு மறந்துவிடுகிறது

ரிமெம்பர் பாஸ்வேர்டில் டிக் போட்டும் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் கேட்டால், பழுது சேமிப்பில். விண்டோஸ் இந்த ரகசியங்களை உங்கள் விண்டோஸ் லாகினோடு பிணைத்துப் பூட்டி வைக்கிறது. புதிய யூசராக நுழைந்தாலோ, லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டை வேறொரு அட்மின் கணக்கிலிருந்து ரீசெட் செய்திருந்தாலோ பழைய பூட்டு திறக்காது.

அவுட்லுக்கை மூடுங்கள். கன்ட்ரோல் பேனல், யூசர் அக்கவுண்ட்ஸ், கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். ஜெனரிக் பகுதியில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 16 என்று தொடங்குபவற்றை மட்டும் நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்து பாஸ்வேர்டை ஒருமுறை கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் மெயில், ஷோ புரொஃபைல்ஸ், ஆட் என்று போய்ப் புது புரொஃபைல் உருவாக்கி அதில் கணக்கைச் சேருங்கள். பழைய புரொஃபைலை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். பாப் கணக்கு (மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்றால் சர்வரில் இல்லாத பழைய கடிதங்கள் அவுட்லுக் மெயிலைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைலில் மட்டும்தான் இருக்கக்கூடும். அதன் நகல் ஒன்றை முதலில் பென் டிரைவில் எடுங்கள்.

விண்டோஸ் இந்தப் பூட்டின் சாவிகளை வைத்திருக்கும் புரொடெக்ட் என்ற ஃபோல்டரை அழித்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறக்கும் சாவியும் அதையே நம்பியிருக்கிறது.

சொந்த டொமைன் மெயில்

கடை, அலுவலகப் பெயரில் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாங்கிய முகவரி என்றால் ஓஆத்2 பேச்சு பெரும்பாலும் இருக்காது. யூசர்நேமில் முழு மெயில் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். அட் குறிக்கு முந்தைய பகுதி மட்டும் போட்டால் பல சர்வர்கள் மறுக்கும். மெயில் வந்து, அனுப்புவது மட்டும் நின்றால், அவுட்லுக் கணக்கு அமைப்பின் மோர் செட்டிங்ஸில் அவுட்கோயிங் சர்வருக்கும் ஆதென்டிகேஷன் தேவை என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடர்ந்து தப்பாக முயன்றால் இந்தச் சர்வர்களில் பலவும் உங்கள் ஐபி முகவரியையே (உங்கள் இணைய இணைப்பின் எண்) தடுத்துவிடும். அப்போது அதே இணைப்பில் உள்ள அலுவலகத்தார் எல்லோருக்கும் மெயில் நின்றுபோகும். போன் டேட்டாவில் இணைத்துப் பார்த்தால் மெயில் வேலை செய்கிறதா? அப்படியானால் தடை விழுந்திருக்கிறது. அவுட்லுக்கை மூடி வைத்துவிட்டு ஹோஸ்டிங் நிறுவனத்தை அழைத்து அந்த ஐபியை விடுவிக்கச் சொல்லுங்கள்.