ஃபெடரல் கார்ப்பரேஷன்னா ஃபெடரல் கோர்ட்தானா? அமெரிக்க சார்ட்டர் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு உருவாக்கின கம்பெனிதானே, அப்போ அதோட கேஸ் எல்லாம் மாநில (ஸ்டேட்) கோர்ட்டுக்குப் போகாம மத்திய (ஃபெடரல்) கோர்ட்டுக்குத்தான் போகும்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, முதல் தப்பே அங்கதான். 1885-ல ரயில்வே கம்பெனிங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லிச்சு, ஆனா 1925-ல காங்கிரஸ் அந்த வழியை அடைச்சிடுச்சு. இப்போ கம்பெனி பங்குல பாதிக்கு மேல அமெரிக்க அரசாங்கத்துக்கு சொந்தமா இருந்தாத்தான் ஃபெடரல் சட்டத்துல பொறந்ததுங்கிற ஒரே காரணத்தை வச்சு உள்ள போக முடியும். இல்லன்னா சார்ட்டர்லயோ (கம்பெனியை உருவாக்கின சட்ட ஆவணம்) வேற சட்டத்துலயோ அனுமதி இருக்கணும்.

சார்ட்டரைத் திறந்தா "கேஸ் போடலாம், இது மேலயும் கேஸ் போடலாம்"னு ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்துட்டு ஜூரிஸ்டிக்‌ஷன் (கேஸை விசாரிக்கிற அதிகாரம்) கிடைச்சாச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. கம்பெனிக்கு கோர்ட்ல நிக்கிற தகுதி இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம், எந்த கோர்ட்டுங்கிறது வேற கேள்வி. காங்கிரஸ் உருவாக்கின முதல் பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸோட சார்ட்டர்ல பொதுவா கோர்ட்டுகள்னு மட்டும் இருந்துச்சு, 1809-ல டெவோ கேஸ்ல அது பத்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொல்லிட்டார். ரெண்டாவது பேங்குக்கு 1816-ல சார்ட்டர் எழுதும்போது காங்கிரஸ் ஃபெடரல் சர்க்யூட் கோர்ட்டுகளைப் பேர் சொல்லியே சேர்த்துச்சு, 1824-ல ஆஸ்பார்ன் கேஸ்ல அதே மார்ஷல் இது போதும்னுட்டார்.

இதையே 1992-ல ரெட் கிராஸ் கேஸ்ல இன்னும் தெளிவா பார்க்கலாம். நியூ ஹாம்ப்‌ஷயர்ல ரத்தம் ஏத்தினதுல எச்ஐவி வந்துச்சுன்னு ரெட் கிராஸ் மேல ஸ்டேட் கோர்ட்ல கேஸ் போட்டாங்க, ரெட் கிராஸ் அதை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாத்திக்கிச்சு. 1905 சார்ட்டர்ல வெறும் கோர்ட்டுகள்னுதான் இருந்துச்சு, 1947-ல காங்கிரஸ் "ஸ்டேட் ஆர் ஃபெடரல்"னு சேர்த்துச்சு, அந்தச் சேர்க்கைதான் ரெட் கிராஸை ஜெயிக்க வச்சுது, அதுவும் 5-க்கு 4-னு மயிரிழையில.

இந்தத் தீர்ப்பைப் படிச்சவங்க அடுத்து பண்ற தப்புதான் ரொம்ப ஆபத்து: ஃபெடரல்ங்கிற வார்த்தை கண்ல பட்டதும் மேல படிக்கிறதை நிறுத்திடுறாங்க. வீட்டுக் கடன் சந்தைக்காக காங்கிரஸ் உருவாக்கின ஃபேனி மே கம்பெனியோட சார்ட்டர்லயும் ஸ்டேட் ஆர் ஃபெடரல் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி "தகுந்த அதிகாரவரம்பு உள்ள எந்த கோர்ட்லயும்"னு ஒரு வார்த்தைக்கட்டு இருக்கு. வேற ஏதாவது சட்டத்தால ஏற்கெனவே அதிகாரம் இருக்கிற கோர்ட்டுன்னுதான் அதுக்கு அர்த்தம், இந்த வரியே அதிகாரத்தைக் கொடுக்கலன்னு 2017-ல லைட்ஃபுட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஒருமனதா சொல்லிச்சு, எழுதினது ஜட்ஜ் சோட்டோமேயர். அந்த கேஸ் ஸ்டேட் கோர்ட்ல ஆரம்பிச்சது 2002-ல. எந்த கோர்ட்டுன்னு முடிவாகிறதுக்கு ஒரு குடும்பம் அத்தனை வருஷம் அலைஞ்சிருக்கு, இதை டெக்னிக்கல் விஷயம்னு ஒதுக்குறவங்களைப் பார்த்தா எனக்கு கோபம்தான் வருது.

சரி, சார்ட்டர் கைகொடுக்கலன்னா ரெண்டு பக்கமும் வேற வேற மாநிலக்காரங்கன்னு சொல்லி டைவர்சிட்டிங்கிற வழில ஃபெடரல் கோர்ட்டுக்குப் போயிடலாம்னு தோணும். அதையும் நம்பி உக்காராதீங்க, ஃபெடரல் சார்ட்டர் கம்பெனி எந்த மாநிலத்துக்கும் குடிமகன் இல்லைன்னு பல கோர்ட்டுகள் சொல்லியிருக்கு. நேஷனல் பேங்குகளுக்குத் தனிச் சட்டம் இருக்கு, மெயின் ஆபீஸ் எந்த மாநிலம்னு ஆவணத்துல போட்டிருக்கோ அந்த மாநிலக் குடிமகன்னு 2006-ல வாக்கோவியா கேஸ்ல முடிவாச்சு. எதிர்த்தரப்பு ஒத்துக்கிட்டா போதும்ங்கிறதும் நடக்காது, ரெண்டு பேரும் சம்மதிச்சாலும் கோர்ட்டுக்கு இல்லாத ஜூரிஸ்டிக்‌ஷன் வந்துடாது, அப்பீல்ல கூட கேள்வி கிளம்பும்.

இன்னொண்ணு, ஒரு கம்பெனிக்கு வந்த தீர்ப்பை அப்படியே பக்கத்து கம்பெனிக்கு ஒட்டாதீங்க. ஃபேனி மேயும் ஃபிரெடி மேக்கும் ஒரே வேலை பண்ற கம்பெனிங்கதான், ஆனா ஃபிரெடி மேக் சட்டத்துல ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கு நேரடியா அதிகாரம் கொடுக்குற தனிப் பிரிவே இருக்கு, அதனால லைட்ஃபுட் தீர்ப்பு அதைத் தொடாது.