சென்னையில் செயற்கைக்கோள் இணைய டிஷ்: மொட்டை மாடியிலும் வண்டிக் கூரையிலும் பொருத்தும் முறை

2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோதும் சென்னையில் கைப்பேசி இணைப்பும் கேபிள் இணைப்பும் பல பகுதிகளில் துண்டிக்கப்பட்டன. செயற்கைக்கோள் இணையம் மிகவும் தேவைப்படுவது அப்படிப்பட்ட நாளில்தான். ஆகவே இந்த ஊரில் டிஷ் பொருத்துகிறவர், வெயில் நாளில் சிக்னல் நன்றாக வருகிறதா என்பதைவிட, புயல் நாளில் டிஷ் அதே இடத்தில் அதே கோணத்தில் நிற்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

உரிமம் பெற்ற நிறுவனத்தின் இணைப்பையே வாங்குங்கள். ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 ஜூன் மாதத்தில்தான் உரிமம் வழங்கியது; ஒன்வெப், ஜியோ ஆகியவற்றுக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. வெளிநாட்டில் வாங்கிய கருவியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இங்கே இயக்குவது சட்டப்படி குற்றம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் இணைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்பவை. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் அவற்றுள் நமக்கு நேர் தெற்கே அமைந்தவை கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, 74 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-11ஐ நோக்க டிஷ்ஷைத் தெற்கிலிருந்து சற்று மேற்கே திருப்பி, 73 டிகிரி அளவுக்கு நிமிர்த்த வேண்டும். தெற்கே உயர்ந்த அடுக்குமாடி இருந்தாலும் அது மிக அருகில் இல்லாவிட்டால் தொல்லையில்லை. ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்களோ சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. அவற்றில் பெரும்பாலானவை 53 டிகிரி சாய்ந்த பாதையில் சுற்றுவதால், அந்த அட்சரேகையை ஒட்டிய நாடுகளின் வானத்தில் நெருக்கமாகவும் நம் வானத்தில் சற்று விலகியும் செல்கின்றன. எனவே இங்கே திறந்த வானம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு கிளையோ, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ மறைத்தால்கூட இணைப்பு விட்டுவிட்டு அறுபடும். திசைகாட்டியை ஜி.ஐ. பைப்புக்கும் கம்பிகளுக்கும் அருகில் வைத்துப் பார்க்காதீர்கள். அவற்றிலுள்ள இரும்பு, திசைகாட்டியின் முள்ளைத் திருப்பிவிடும்.

காற்றின் கணக்கைச் செய்யாமல் ஒரு போல்ட்டும் வாங்க வேண்டாம். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்கு விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். முக்கால் மீட்டர் விட்டமுள்ள டிஷ், வடிவத்தின் காரணமாகக் கூடும் இழுப்பையும் சேர்த்தால், 80 கிலோ அளவுக்கு இழுக்கப்படும், 1.2 மீட்டர் டிஷ் அதைப்போல் இரண்டரை மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும். நான்கரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் இரண்டு ஃபாஸ்னர் அடித்து மாட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் புயலில் டிஷ்ஷோடு செங்கல்லும் பெயர்ந்து தெருவில் நடப்பவர் தலையில் விழக்கூடும். படிக்கட்டு அறையின் கான்கிரீட் தூணோ பீமோ இருந்தால் அங்கேயே ஆங்கர் போல்ட் போடுங்கள்.

தூண் வசதியில்லாத மொட்டை மாடியில், தளத்தைத் துளைப்பதைத் தவிருங்கள். கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, தட்டோடு பதித்திருக்கும் அந்த அடுக்கில் ஒரு துளை விழுந்தால், ஐப்பசி மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளில் மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் மாடிகளில் துளை போடவே கூடாது, பாரம் ஏற்றுவதையும் பொறியாளரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கான்கிரீட் மாடியாயின், இரும்புச் சட்டத்தின் மேல் சாலிட் பிளாக்குகளை அடுக்கி எடையால் நிறுத்துங்கள். 80 கிலோ இழுப்புக்குச் சட்டம் சறுக்காமலிருக்க ஏறத்தாழ 160 கிலோவாவது வேண்டும். அதற்கு மேலும் சிறிது கூட்டிக்கொள்வது நல்லது. சட்டத்துக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, பீம் செல்லும் கோட்டின் மேல் வையுங்கள். அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது. சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று சாதாரண போல்ட்டைச் சில மழைக்காலங்களுக்குள் அரித்துவிடும். சூடான துத்தநாகக் குளியலில் முக்கியெடுத்த ஜி.ஐ. பைப்பும், 316 தர எவர்சில்வர் போல்ட்டும் செலவு கூடுதலானாலும் வாங்கத் தக்கவை. எவர்சில்வர் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடாவிட்டால் அலுமினியம் அரிபடும்.

கேபிள் நுழையும் துளையை வீட்டின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் தாழுமாறு சாய்வாகப் போடுங்கள். வெளியே துளைக்குச் சற்றுக் கீழே கேபிளைத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது. பிறகு சிலிக்கான் பூசுங்கள். கம்பத்தை எர்த்துடன் தனிச் செம்புக் கம்பியால் இணைக்க மின்பணியாளரை அழையுங்கள். அலை அனுப்பும் கருவி கொண்ட டிஷ்ஷின் முன் நிற்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துவது கட்டாயம்.

வண்டியில் பொருத்துவதானால், ஓடும்போது பயன்படுத்த அனுமதியுள்ள தட்டையான வகையையே வாங்குங்கள். வீட்டுக்கானது நின்ற நிலைக்கு மட்டுமே உதவும். கூரை ரெயிலின் குறுக்குக் கம்பியில் கவ்விகளால் இறுக்குவதே நம்பகமானது. காந்தப் பிடி அலுமினியக் கூரையிலும் ஃபைபர் கூரையிலும் ஒட்டாது, சக்‌ஷன் கப்போ சித்திரை வெயிலில் இளகும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் மழைநீர் தேங்காது. ஸ்டார்லிங்க் மினி போன்ற சிறிய கருவி 25 முதல் 40 வாட் வரை எடுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் அது 2 முதல் 3.3 ஆம்பியர் வரை ஆகும். பேட்டரியின் நேர் முனையருகிலேயே ஃபியூஸ் வையுங்கள், மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் கருவியும் சேருங்கள். இல்லாவிட்டால் நிறுத்தி வைத்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது.

பொருத்தி முடித்ததும் தரையிலிருந்து டிஷ்ஷின் உச்சி வரை அளந்து, அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். தியாகராய நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் உயரம் குறைவு. முதல் பயணம் முடிந்ததும் எல்லாக் கவ்விகளையும் மறுபடி இறுக்குங்கள். அதன்பின் வீட்டு டிஷ்ஷையும் வண்டி டிஷ்ஷையும் ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் ஒருமுறை ஸ்பேனர் கொண்டு சோதித்து, துருப்பிடித்த போல்ட்டை அன்றே மாற்றிவிடுங்கள்.