மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் புற்றுநோய் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்காவுக்கு இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாற்றுச் சிறுநீரகம் வைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை அளவான கிரியேட்டினின் எவ்வளவு? அது ஏறாவிட்டால் நிம்மதியாகத் தூங்குவோம். புற்றுநோயை யாரும் நினைக்கவில்லை. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கின்றன. கெட்டுப்போகும் செல்களைக் களையெடுப்பதும் அதே சக்திதான். அதனால் இவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

"நம்ம தோலு கறுப்பு, வெயில் என்ன பண்ணும்?" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு அதிகம் என்பது உண்மை. நம்மவர்களுக்கோ வெயிலே படாத பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பக்கங்களிலும் வருகிறது. கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். ஆறாத புண், ஊதா நிறத் தடிப்பு எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளில் ஒன்றான அசாதயோபிரின் சாப்பிடுபவர்களை வெயில் கூடுதலாகத் தாக்கும். இங்கே தைப்பூசம் கோடையில் வருவதால், காவடி பார்க்கப் போகும்போது முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனையை அரசு கிளினிக்குகளில் பொதுவாக 30 வயது முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறைதான் செய்வார்கள். அக்காவுக்கும் அப்படியே தேதி குறித்தார்கள். மாத்திரைகளைப் பற்றி நாங்களும் வாய் திறக்கவில்லை. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அந்த இடைவெளி மிக நீளம். ஆண்டுதோறும் செய்யலாமா என்று கேளுங்கள்.

பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை; அவற்றிலும் கட்டி வரலாம். சிறுநீரில் ரத்தம் கண்டால், புதியது நன்றாக வேலை செய்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினாலும் சும்மா இருக்காதீர்கள்; அதுவும் புற்றுநோயாக இருக்கலாம், மாற்றுச் சிறுநீரகம் வைத்த முதல் ஆண்டில் குறிப்பாக.

எல்லாவற்றிலும் மோசமானது, புற்றுநோய்க்குப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்துவது. சிறுநீரகம் போனால் மறுபடி டயாலிசிஸ். இந்த நாட்டில் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. டர்பன்காரர் தியாகராஜ் சுப்பிரமணிக்கு வசதிப் பற்றாக்குறையால் அரசு மருத்துவமனை டயாலிசிஸ் மறுத்தது செல்லும் என்று 1997-இல் அரசியல் சாசன நீதிமன்றமே தீர்ப்பளித்தது. புற்றுநோய் உறுதியானால் மருந்தின் அளவைக் குறைப்பதோ, நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சைரோலிமஸுக்கு மாற்றுவதோ உண்டு. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்து டாக்டர்கள் செய்யும் வேலை அது.