வெந்தயத் தண்ணீர் மட்டும் போதாது
மாதவிலக்கு நிரந்தரமாக நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். கெட்ட கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் ஏறத் தொடங்கலாம். இதற்காக விலை உயர்ந்த மூலிகைச் சாறு காப்ஸ்யூல்களைத் தேடாதீர்கள். க்ரீன் டீ சாறு காப்ஸ்யூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

அதற்குப் பதிலாக, இரவில் 1 டீஸ்பூன் வெந்தயத்தை ஊறவையுங்கள். பலர் காலையில் தண்ணீரைக் குடித்துவிட்டு வெந்தயத்தைக் கொட்டிவிடுகிறார்கள். அதைத்தான் மென்று சாப்பிட வேண்டும்! அந்த வழவழப்பான நார்ச்சத்துதான் சாப்பாட்டிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. கசப்பு பிடிக்காதவர்கள் மோரில் ஊறவைக்கலாம்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம், தைராய்டு மாத்திரை போட்டதும் வெந்தயம் வேண்டாம். சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.