செம்பனை ஓட்டுக் கரியால் தண்ணீரிலிருந்து செம்பை எடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா மகளின் படிவம் 5 அறிவியல் திட்டத்துக்காக ஆரம்பித்த வேலை இது. முதல் மூன்று தடவையும் நன்றாக ஏமாந்தேன்.

கரி பிடிக்கும் உலோகங்களில் ஈயம், காட்மியம் எல்லாம் வீட்டில் வைத்துப் பழகும் சாமான் இல்லை. மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போதும். 1 லிட்டர் வடிநீரில் 0.2 கிராம் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் செம்பு இருக்கும்.

முதலில் கரி. பனை எண்ணெய் ஆலையில் கிடைக்கும் செம்பனைக் கொட்டை ஓட்டைக் காயவைத்து, மூடியில் சிறு துளை போட்ட மைலோ டின்னில் அடைத்து, நெருப்புக்குள் வையுங்கள். 350 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை, ஒரு மணி நேரம். அதற்கு மேல் சூடேற்றினால், பின்னால் சேர்க்கப்போகும் சிட்ரிக் அமிலம் ஒட்டிக்கொள்வதற்கான இடங்கள் கரியில் குறைந்துவிடும். டின் முழுதாக ஆறும்வரை திறக்காதீர்கள், காற்று பட்டால் பற்றிக்கொள்ளும். பழம் உதிர்த்த வெறுங்குலையின் நார் வேண்டாம் என்பது என் கட்சி. அதில் பொட்டாசியச் சாம்பல் அதிகம்.

இடித்து ரவைப் பருமனுக்குச் சலியுங்கள். மாவாக்கினால் வடிகட்டும்போது அழுவீர்கள். பிறகு வடிநீரில் நன்றாக அலசிக் காயவையுங்கள்.

அடுத்து மெருகேற்றுவது. 100 மில்லி நீரில் 12 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, 10 கிராம் கரியைப் போட்டு 2 மணி நேரம் கலக்குங்கள். 60 டிகிரியில் காயவைத்து, 120 டிகிரியில் 3 மணி நேரம் சுட்டு, வெந்நீரில் நன்றாக அலசுங்கள். அந்த அடுப்பில் இனி கேக் சுட வேண்டாம். அமிலத்தின் கார்பாக்சில் (COOH) முனைகளில் சில கரியில் ஒட்ட, மற்றவை செம்பு அயனியைப் பிடிக்கும் கொக்கிகளாகின்றன.

இனிதான் நான் விழுந்த குழி. என் முதல் கரியை அலசவே இல்லை. செம்புத் தண்ணீரில் போட்டதும், ஒட்டியிருந்த சாம்பலின் காரத்தால் பிஹெச் (அமில-கார அளவு) 8க்கு ஏறியது, மீன் தொட்டிக் கடையில் வாங்கிய, செம்பை அளக்கும் கிட் பூஜ்யம் காட்டியது. வெற்றி என்று குதித்தேன். அக்கா மகள்தான், "மாமா, கரி போடாமல் பிஹெச்சை மட்டும் ஏற்றிப் பார்த்தீங்களா?" என்றாள். சோடியம் ஹைட்ராக்சைடு சில சொட்டு விட்டோம். வெளிர்நீலத் திப்பி அடியில் இறங்கியது, கிட் மறுபடியும் பூஜ்யம்! கரி எதையும் உறிஞ்சியதற்கு ஆதாரமே இல்லை. காரத்தில் செம்பு ஹைட்ராக்சைடாகப் படிந்திருந்தது, அவ்வளவுதான். இந்தச் செறிவில் பிஹெச் 6ஐ நெருங்கும்போதே அது ஆரம்பித்துவிடும். 3க்குக் கீழே போனாலும் ஆகாது, ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே மூன்று பாட்டில்: வெறும் செம்புத் தண்ணீர், அலசிய சாதாக் கரி, மெருகேற்றிய கரி. கரி 100 மில்லிக்கு 0.2 கிராம். மூன்றிலும் பிஹெச் 5. அரை மணிக்கொரு முறை சரிபார்த்து, 4 மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். பிஹெச் பார்க்கத் தாள் வேண்டாம், மீட்டர் வாங்குங்கள். பிஹெச் 4, 7 தரக்கரைசல்களில் சரிபார்த்த பிறகே நம்புங்கள். கிட்டின் அளவு தாண்டினால் வடிநீரில் 50 மடங்கு நீர்த்துப் பாருங்கள். கார நீரைத் தொடும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும்.

பின்சேர்க்கை: மெருகேற்றிய கரி செம்பைப் பிடிக்காமல் விடுகிறது என்று இருவர் எழுதினார்கள். சுட்ட கரியைச் சரியாக அலசவில்லை. ஒட்டாத சிட்ரிக் அமிலம் செம்பைத் தன்னோடு கட்டித் தண்ணீரிலேயே வைத்துக்கொள்ளும். அலசிய நீரின் பிஹெச் புது வடிநீரோடு ஒத்துப்போகும்வரை வெந்நீரில் கழுவுங்கள். ஆர்செனிக்குக்கும் இது ஆகுமா என்று இன்னொருவர். ஆகாது, நீரில் அது எதிர்மின் அயனியாகவோ மின்னூட்டம் இல்லாமலோ இருக்கும். இரும்பு பூசிய கரி வேண்டும்.

மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிப்படி செம்பின் வரம்பு, தரநிலை ஏ (குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் விடும் நீர்) என்றால் லிட்டருக்கு 0.20 மில்லிகிராம், பி (மற்ற இடங்கள்) என்றால் 1.0. 50லிருந்து அந்த அளவுக்கு இறங்குவது ஒரே தடவையில் நடக்காது. வடிகட்டிய நீரில் புதுக் கரி போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மிச்ச நீரைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், மீனுக்கு நஞ்சு. நீரையும் கரியையும் தனித்தனியாக மூடிப் பெயரெழுதிப் பள்ளி ஆய்வகத்தில் ஒப்படைத்தோம். அக்கா அந்தக் கரியை ரோஜாத் தொட்டிக்குக் கேட்டார். கொடுக்கவில்லை.